துப்பாக்கி தெரிந்தவனாக நான் இருந்த இரண்டு வருஷம்

பட்டாளத்துத் துப்பாக்கி மூன்றே முக்கால் அடி நீளம். தோளில் முட்டுக் கொடுக்கிற கட்டைப் பக்கம் ஒன்றரைச் சாண் சுற்றளவு. கை பிடிக்கிற இடம் அதில் பாதி. வாய்ப்பக்கம் இரண்டு விரலை வளைத்தால் அடங்கிவிடும். துப்பாக்கியைப் பற்றி எனக்குத் தெரிந்தது மொத்தமும் இதுதான். இதை வைத்துக்கொண்டு பருத்திப்பட்டில் இரண்டு வருஷம் துப்பாக்கி தெரிந்தவன் என்று பெயரெடுத்தேன். அந்தப் பெயர் என் மச்சான் ஜம்புலிங்கத்தை ஜெயில் வாசல் வரைக்கும் கொண்டுபோய் நிறுத்தியது.

நான் படித்தது இரண்டாம் கிளாஸ். அதற்கு மேல் வாத்தியாருக்கும் எனக்கும் ஒத்துவரவில்லை. என் அப்பாவுக்கு நேர் இளையவர் ஜெயராமன் சித்தப்பா அம்பத்தூரில் தையல் மிஷின் போட்டிருந்தார். சித்தி திருமுல்லைவாயல்காரி. அவளுக்குக் காது மந்தம். அதனால் வீட்டுக்குள்ளேயே நாள் முழுக்க மிஷின் ஓடினாலும் சித்தப்பாவின் சம்சாரம் சுகமாக நடந்தது. அவரிடம் ஏழு வருஷம் காஜா எடுத்துக்கொண்டிருந்தேன். அப்புறம் யுத்தம் வந்தது. ஆவடியில் நிலத்தை வளைத்துப் பட்டாளத்து டிப்போ போட்டார்கள். தையல் தெரிந்த ஆள் வேண்டும் என்றார்கள். சித்தப்பாவே என்னை அனுப்பிவைத்தார். போகும்போது அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

"போ நைனா. உன் தையலு மனுசன் ஒடம்புக்கு ஆவாது. அங்க போயி கூடாரத்துக்குத் தையி."

கூடாரம்கூட என்னை நம்பிக் கொடுக்கவில்லை. துப்பாக்கிக்கு உறை தைக்கச் சொன்னார்கள். கான்வாஸை வெட்டி, கோணி ஊசியால் குத்தி, மெழுகு நூலால் இழுக்க வேண்டும். அளவு பார்க்க ஒரு துப்பாக்கி கொடுத்திருந்தார்கள். அது மாமரத்தில் செய்த துப்பாக்கி. தச்சன் செதுக்கி, கறுப்பு வார்னிஷ் அடித்தது. உறை தைத்து முடித்ததும் மாமரத் துப்பாக்கியை உள்ளே விட்டுப் பார்ப்போம். சரியாகப் போனால் பாஸ். நிஜத் துப்பாக்கிகள் வேறு கொட்டகையில் இருந்தன. அந்தப் பக்கம் எங்களை விடமாட்டார்கள்.

ஆனால் எனக்குக் காக்கி அரைக்கால் சட்டை கொடுத்தார்கள். மார்பில் குத்திக்கொள்ள நம்பர் போட்ட பித்தளை வில்லையும் கொடுத்தார்கள். அந்த வில்லையை நான் ஊருக்குள்ளும் கழற்றவில்லை. குளிக்கும்போது கோவணத்தில் குத்திக்கொண்டதாக என் பெண்சாதி நாகவல்லி சொல்வாள். அது பொய். ஒரே ஒரு தடவைதான்.

"பரந்தாமா, டிப்போவுல உனக்கு இன்னா வேலை?" என்று ஊரில் கேட்டார்கள்.

"துப்பாக்கி செக்‌ஷன்" என்றேன்.

எங்கள் கொட்டகைக்குத் துப்பாக்கி உறை செக்‌ஷன் என்று பெயர். அதில் நடுவிலிருந்த ஒரு சொல்லை மட்டும் வருகிற வழியில் எங்கேயோ விட்டுவிட்டு வந்தேன். அதற்கப்புறம் அது என் கையில் இல்லை. தலையாரி சின்னப்பையன் ஒருநாள், "குண்டு எம்மாந்தூரம் போவும்?" என்று கேட்டான். எனக்கு எங்கே தெரியும்? "காத்தைப் பொறுத்தது" என்றேன். சின்னப்பையன் வாயைப் பிளந்தான். அது நல்ல பதிலாக அமைந்துவிட்டது. சத்தம் எவ்வளவு வரும், புகை எத்தனை நேரம் நிற்கும், குறி எப்படிப் பிடிப்பது, எல்லாவற்றுக்கும் காற்றைப் பொறுத்தது என்றே இரண்டு வருஷம் ஓட்டினேன்.

என்னை அதிகமாக நம்பியவர் ஜம்புலிங்கம். எங்கள் இரண்டு குடும்பமும் பெண் கொடுத்துப் பெண் எடுத்தவர்கள். அவருடைய தங்கை நாகவல்லி எனக்கு வாழ்க்கைப்பட்டாள். என் தங்கை தாட்சாயிணியை அவருக்குக் கொடுத்தோம். ஒரே பந்தலில் இரண்டு தாலி ஏறியது. ஒரு வீட்டில் இருமினால் இன்னொரு வீட்டில் கஷாயம் வைப்பார்கள். ஜம்புலிங்கத்திடம் அவர் அப்பா காலத்து நாட்டுத் துப்பாக்கி ஒன்று இருந்தது, வாய் வழியாக மருந்தும் ரவையும் போட்டுக் கெட்டிக்கிற வகை. வேர்க்கடலையைத் தோண்ட வரும் பன்றியையும் நரியையும் விரட்டச் சர்க்கார் கொடுத்த லைசென்ஸ். அதற்கு அவர் விளக்கெண்ணெய் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"மச்சான், பட்டாளத்துல இன்னா எண்ணெய் போடறாங்க?" என்று கேட்டார்.

அன்று சனிக்கிழமை. நான் தலைமுழுகிவிட்டு உட்கார்ந்திருந்தேன். "நல்லெண்ணெய்" என்றேன். மறுநாளிலிருந்து அவர் துப்பாக்கிக்கு நல்லெண்ணெய். அதைத் தொட்டுப் பார்க்கச் சொல்லிப் பல தடவை நீட்டினார். "சர்க்கார் துப்பாக்கி தொடற கை, நாட்டுத் துப்பாக்கியைத் தொடக்கூடாது மச்சான், ரூல்" என்று தப்பித்துக்கொண்டே வந்தேன்.

டிப்போவில் என் இரண்டாம் வருஷம், ஆயுதபூஜைக்கு முதல் நாள் ஜம்புலிங்கத்துக்கும் பக்கத்து நிலத்துக்காரர் திருவேங்கடத்துக்கும் மடையில் சண்டை. தண்ணீர் முறை யாருடையது என்று வாய் தடித்துப்போய், "இன்னொரு வாட்டி மடையைத் திருப்பினே, சுட்டுப்புடுவேன்" என்று ஜம்புலிங்கம் பத்துப் பேர் கேட்கச் சொல்லிவிட்டார். சொன்னவர் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்கிவிட்டார். அவர் கோபம் அவ்வளவுதான். மறுநாள் ஆயுதபூஜை. ஏர், மண்வெட்டி, அரிவாள், அரிவாள்மணை எல்லாவற்றையும் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, நடுவில் துப்பாக்கியைச் சுவரோரம் சாய்த்து நிறுத்திப் படைத்தார்கள். பூஜைக்கு வைத்த சாமானை மறுநாள் கற்பூரம் காட்டாமல் எடுக்கக்கூடாது என்பது எங்கள் வழக்கம். எனக்கு டிப்போவில் லீவு இல்லை. நான் அந்தப் பூஜைக்குப் போகவில்லை.

பூஜைக்கு மறுநாள் விடியற்காலை திருவேங்கடம் ஏரிக்கரைக்குப் போனார். எதற்கு என்று சொல்ல வேண்டாம், கையில் செம்பு இருந்தது. கோரைப்புல் பக்கமாகக் குந்தியவர் பின்னால் டமார் என்று சத்தம். ஏழு ரவை. எல்லாம் குந்தியிருந்தபோது வெளியே தெரிந்த இடத்தில். உயிருக்கு ஒன்றுமில்லை. ஆனால் ஒரு மாதம் அவர் குப்புறப் படுத்தே சாப்பிட்டார். சுட்டது யார் என்று இன்றுவரை தெரியாது. அந்த ஏரிக்குக் கொக்கு சுட எங்கிருந்தெல்லாமோ ஆட்கள் வருவதுண்டு. திருவேங்கடம் கத்தின பெயர் என்னவோ ஜம்புலிங்கம்.

மணியக்காரர் செங்கல்வராயன் ஊரைக் கூட்டிக்கொண்டு ஜம்புலிங்கம் வீட்டு முற்றத்துக்கு வந்தார். துப்பாக்கியைக் கொண்டுவரச் சொன்னார். கற்பூரம் காட்டிவிட்டு தாட்சாயிணியே கொண்டுவந்து வைத்தாள்.

"இது சுட்டுதா இல்லையான்னு யாருக்குத் தெரியும்?" என்றார் மணியக்காரர்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நாற்பது பேர் இருப்பார்கள். நான் வில்லையோடு நின்றேன். எனக்குத் தெரியாது என்று இரண்டு சொல் சொல்லியிருந்தால் போதும். ஆனால் நாற்பது பேர் ஒரு மனுஷனைப் பார்க்கிறபோது அந்த இரண்டு சொல்லும் வாய்க்கு வருவதில்லை. குனிந்து துப்பாக்கியின் வாயில் மூக்கை வைத்தேன். ஏதோ புகைந்த வாசனை. சுண்டுவிரலை விட்டுச் சுழற்றினேன். சாம்பல் ஒட்டிக்கொண்டு வந்தது. விரலை வெளிச்சத்தில் காட்டினேன். அப்படிக் காட்ட யார் எனக்குச் சொல்லிக்கொடுத்தது என்று இன்றைக்கும் தெரியாது.

"கந்தக வாசனை. சுட்டு ஒரு நாள் ஆவல" என்றேன்.

முதலில் பேசியவள் என் தங்கை.

"அண்ணாத்தே, இன்னா சொல்ற நீ? ஊதுவத்தி சொருவ வேற எடம் இல்லன்னு நான்தான் அதும் வாயில சொருவினேன். நாலு வத்தி. உள்ளயே எரிஞ்சு எறங்கிடுச்சு. அந்தச் சாம்பல் அது."

"போடி, எனக்கா தெரியாது?" என்றேன்.

துப்பாக்கியில் வைத்த சந்தனப் பொட்டு அப்படியே இருந்தது. குங்குமம்கூட உதிரவில்லை. பொட்டு வைத்துக்கொண்டு போய் ஒரு துப்பாக்கி மனுஷனைச் சுட்டுவிட்டுப் பொட்டு கலையாமல் திரும்பி வருமா என்று அங்கே ஒருத்தருக்கும் தோன்றவில்லை. தெரிந்தவன் சொன்ன பிறகு யார் யோசிக்கிறார்கள்? மணியக்காரர் எழுதிக்கொண்டார். ‘துப்பாக்கி விஷயத்தில் நல்ல பழக்கமுள்ள பரந்தாமன் பரிசோதித்து’ என்று படித்துக் காட்டியபோது, சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகவே இருந்தது. கையெழுத்தும் போட்டேன். அப்புறம்தான் தலையைத் தூக்கி ஜம்புலிங்கம் முகத்தைப் பார்த்தேன்.

போலீஸ் வந்து அவரைப் பூந்தமல்லிக்கு அழைத்துப் போனது. இரண்டு நாளில் ஜாமீனில் வந்தார். அதற்குள் நாகவல்லி புடவையை மூட்டை கட்டிக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள்.

"எங்கண்ணனை உள்ள தள்ளிட்டு உனக்கு சோறு வடிச்சுப் போடுவேன்னு நெனைச்சுகினு கீறியா?" என்றாள். "ஊதுவத்தி வாசனை தெரியாத மூக்கு! அந்த மூக்குக்கு ஒரு வில்லை!"

அங்கே போனால் என் தங்கை கதவைச் சாத்தினாள். ஒரே பந்தலில் இரண்டு கல்யாணம் பண்ணினால் செலவு மிச்சம்தான். பகையும் அப்படியே ஒரே பந்தலில் சேர்ந்து வரும் என்று அப்போது யாரும் சொல்லவில்லை.

போலீஸ் ரைட்டர் என்னைக் கூப்பிட்டு, கையெழுத்துப் போட்டாகிவிட்டது, வார்த்தை மாறினால் பொய்சாட்சி என்று எனக்கும் ஜெயில்தான் என்று சொன்னார். மச்சான் ஒரு பக்கமும் ஜெயில் பயம் ஒரு பக்கமுமாக என்னை இழுத்தது. நான் நினைத்தது இதுதான்: கேஸ் எப்படியும் நிற்காது, ஜம்புலிங்கம் விடுதலை ஆகிவிடுவார், என் பெயரும் அப்படியே இருக்கும். இரண்டும் நடக்கும் என்று நம்பிக்கொண்டே ஒரு மாதம் உறை தைத்தேன்.

கேஸ் வருவதற்கு நாலு நாள் இருக்கும்போது ஜம்புலிங்கத்தை வயலில் பார்த்தேன். வரப்பு வெட்டிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் திட்டுவார், மண்வெட்டியை ஓங்குவார் என்று தள்ளியே நின்றேன். அவர் துண்டை உதறி வரப்பில் விரித்து, "உக்காரு மச்சான்" என்றார்.

"எம்மேல கோவமா மச்சான்?"

"கோவம் இன்னாத்துக்கு? நீ பார்த்ததைச் சொன்னே." துண்டின் ஓரத்தில் தானும் உட்கார்ந்தார். "ஒண்ணு கேக்கறேன். நீ தெரிஞ்சவன், மறைக்காம சொல்லணும். எங்க மண்ணூர்பேட்டை மாமன் கத உனக்குத் தெரியுமில்ல?"

தெரியும். என் மாமியார் பொன்னம்மாளுக்குக் கூடப்பிறந்தவர் கோவிந்தன். தூக்கத்தில் நடக்கிறவர். ஒருதடவை தூங்கிக்கொண்டே எழுந்து, மாட்டைப் பூட்டி, வண்டியை ஓட்டிக்கொண்டு பாடி கிராமம் வரைக்கும் போய்விட்டார். எதிரே வந்த வண்டிக்காரன் திட்டியபோதுதான் விழித்தார். அதிலும் மாட்டைச் சரியாக வலத்தது வலம், இடத்தது இடம் என்று பூட்டியிருந்தாராம்.

"அந்த ரத்தம்தானே மச்சான் எனக்கும்" என்றார் ஜம்புலிங்கம். "நான் சுடலன்னுதான் மொதல்ல நெனச்சேன். ஆனா நீ மூக்கை வச்சுப் பார்த்துச் சொல்ட்டியே. நீ சொன்னா தப்பா இருக்குமா? தூக்கத்துல எழுந்துபோயி சுட்டுட்டு, பொட்டு கலையாம கொண்டாந்து வச்சுட்டனோ? மாமன் மாட்டைப் பூட்டலியா, அந்த மாதிரி."

அவர் மண்வெட்டியில் ஒட்டிய மண்ணை விரலால் வழித்தார்.

"ராத்திரில காலைக் கட்டிலோட கயித்தால கட்டிகினுதான் படுக்கறேன். முடிச்சை தாட்சாயிணியைத்தான் போடச் சொல்றேன். புள்ளைங்க பக்கத்துல படுக்குதுங்க, இன்னா பண்ணிடுவனோன்னு பயமா கீது. தூக்கத்துல சுட்டா குறி சரியா உழுமா மச்சான்?"

அந்த நேரத்தில் நான் காலில் விழுந்திருக்க வேண்டும். என் வாயிலிருந்து வந்தது என்ன தெரியுமா? "காத்தைப் பொறுத்தது மச்சான்." அவர் அதையும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். டிப்போ வரைக்கும் நடந்து போகும்போது வழியெல்லாம் என்னையே காறித் துப்பிக்கொண்டேன். மனசுக்குள் இல்லை, நிஜமாகவே, ரோட்டில்.

கேஸ் அன்று பருத்திப்பட்டே பூந்தமல்லி கோர்ட்டில் இருந்தது. திருவேங்கடம் தலையணையோடு வந்து அதன்மேல் பக்கவாட்டில் உட்கார்ந்தார். மாஜிஸ்ட்ரேட் வயசானவர், மேஜையில் பொடி டப்பி. கூண்டில் ஏறினேன். போலீஸ் தரப்பு இன்ஸ்பெக்டர் கேட்டார், நான் சொன்னேன்: டிப்போ, துப்பாக்கி செக்‌ஷன், இரண்டு வருஷம். அவர் ஊர்ப்பக்கம் திரும்பி, "அனுபவமுள்ள சாட்சி" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

ஜம்புலிங்கத்தின் வக்கீல் வீரராகவன் எழுந்தார். ஒல்லியான மனுஷர்.

"துப்பாக்கி எத்தனை முறை சுட்டிருக்கிறீர்?"

நிறைய என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். எதிரே ஜம்புலிங்கம் நின்றார். பயப்படாதே, சொல்லு என்கிற மாதிரி என்னைப் பார்த்துத் தலையாட்டினார். என் பேச்சால் ஜெயிலுக்குப் போகப் போகிறவர், நான் தடுமாறக்கூடாதே என்று எனக்குத் தைரியம் சொல்கிறார்.

"ஒரு வாட்டியும் இல்லீங்க" என்றேன்.

கோர்ட்டில் ஒரு சலசலப்பு. வக்கீலே இதை எதிர்பார்க்கவில்லை. கையிலிருந்த காகிதத்தைக் கீழே வைத்தார்.

"துப்பாக்கி செக்‌ஷனில் உமக்கு என்ன வேலை?"

"உறை தைக்கிறதுங்க."

"உறை என்றால்?"

"துப்பாக்கிக்குப் போடற சட்டைங்க."

"உள்ளே போட்டுப் பார்க்கத் துப்பாக்கி இருக்குமே?"

"கீதுங்க. மாமரம்."

பின்னால் யாரோ, "பிஞ்சா, காயா?" என்றார்கள். மாஜிஸ்ட்ரேட் மேஜையைத் தட்டினார்.

"நிஜத் துப்பாக்கியைப் பார்த்ததே இல்லையா?"

"லாரில போவும்போது பார்த்திருக்கேங்க. பொட்டிக்குள்ள இருந்துச்சு."

"அப்போ பெட்டியைப் பார்த்திருக்கிறீர்."

"ஆமாங்க."

"வெடிமருந்து வாசனை எங்கே முகர்ந்தீர்?"

"தீவாளிக்குங்க."

"எந்தத் தீபாவளி? சம்பவம் நடந்தது ஆயுதபூஜைக்கு மறுநாள்."

"அதுக்கு முந்தின வருசத்துதுங்க."

"ஒரு வருஷத்து வாசனையை மூக்கில் வைத்திருந்து ஒப்பிட்டீராக்கும்" என்று வக்கீல் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அதற்கு மேல் அவர் ஒன்றும் கேட்க வேண்டியிருக்கவில்லை. மாஜிஸ்ட்ரேட்டோ என்னை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். பொடிக் கறை படிந்த என் தோள் துண்டை.

"நீ பொடி போடுவியா?" என்றார்.

"போடுவேங்க."

"எத்தனை வருஷமா?"

"சித்தப்பாகிட்ட தையல் கத்துக்கப் போனதுலேர்ந்துங்க. அவரு டப்பியில எடுத்துப் பழகினது."

மாஜிஸ்ட்ரேட் தன் டப்பியை மெதுவாக மூடினார். "எனக்கு முப்பது வருஷப் பழக்கம். வீட்டில் பால் பொங்கி அடுப்பில் வழிந்தால் எனக்குத் தெரியாது, அடுத்த வீட்டுக்காரர் வந்து சொல்கிறார்" என்றார்.

இன்ஸ்பெக்டர் எழுந்து, சாட்சி வாக்குமூலத்தை மாற்றுகிறார், பொய்சாட்சி என்று நடவடிக்கை எடுக்க வேண்டும் என்றார்.

"மாத்தலீங்க சாமி" என்றேன். "அன்னிக்கு நான் சொன்னேன், அது வாஸ்தவம். சொன்னவனுக்கு ஒண்ணும் தெரியாது, அதுவும் வாஸ்தவம்."

மாஜிஸ்ட்ரேட் இன்ஸ்பெக்டரைக் கையமர்த்தினார். "இந்த ஆள் பொய் சொல்லவில்லை. தெரியாததைத் தெரிந்ததாகச் சொல்லியிருக்கிறார். அதற்கெல்லாம் தண்டனை கொடுக்க ஆரம்பித்தால் இந்த ஜில்லாவில் ஜெயில் போதாது" என்றார். அப்புறம் தாட்சாயிணி கூண்டில் ஏறி ஊதுவத்தியைப் பற்றிச் சொன்னாள். எத்தனை வத்தி, எவ்வளவு நீளம், என்ன வாசனை, எல்லாம் சொன்னாள். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சாயங்காலத்துக்குள் கேஸ் தள்ளுபடி ஆனது. துப்பாக்கியையும் திருப்பிக் கொடுக்க உத்தரவு.

வண்டியில் ஊருக்குத் திரும்பினோம். ஊர்க்காரர்கள் என்னைக் கிழித்துத் தோரணம் கட்டிவிடுவார்கள் என்று மூலையில் ஒடுங்கி உட்கார்ந்தேன். சென்னீர்குப்பம் தாண்டியதும் சின்னப்பையன் ஆரம்பித்தான்.

"பரந்தாமன் அண்ணாத்தே, இன்னா நடிப்பு! எனக்கே ஒரு நிமிசம் நெசமோன்னு ஆயிடுச்சு. மாமரமாமே!"

"மச்சானுக்காகத் தன் பேரையே கெடுத்துகினாரு பாரு" என்றார் இன்னொருவர்.

"நடிப்பு இல்லப்பா, நெசமாவே எனக்குத் தெரியாது" என்றேன்.

வண்டியே சிரித்தது. "பாரு, இன்னும் உடமாட்டேங்கறாரு!" என்றான் சின்னப்பையன். உண்மையைச் சொல்லச் சொல்ல என் பெருமை ஏறிக்கொண்டே போனது. முன்னெல்லாம் பொய் சொல்லியும் இவ்வளவு ஏறியதில்லை. அதில் எனக்கு உள்ளூர ஒரு சுகமும் இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். அதற்குமேல் மறுக்காமல் வாயை மூடிக்கொண்டேன். ஜம்புலிங்கம் மட்டும் சிரிக்கவில்லை. மாட்டின் முதுகையே பார்த்துக்கொண்டு வந்தார்.

பத்து நாள் கழித்து தாட்சாயிணி என் வீட்டுக்கு வந்தாள். வாசலிலேயே நின்றாள்.

"அவரு இன்னும் காலைக் கட்டிகினுதான் படுக்கறாரு."

"ஏன்? கேஸுதான் தீந்துடுச்சே?"

"கேஸு தீந்துச்சு. நீ அவருக்காகப் பொய் சொல்லிக் காப்பாத்தினேன்னு நெனச்சுகினு கீறாரு. அப்டின்னா மொதல்ல சொன்னது நெசம், துப்பாக்கி சுட்டது நெசம்னுதானே அர்த்தம்? திருவேங்கடம் போவும்போது எழுந்து நின்னு கும்பிடறாரு. ராவுல அழறாரு அண்ணாத்தே."

வண்டியில் வாயை மூடிக்கொண்டு வந்த அந்தச் சுகத்துக்கு இதுதான் விலை என்று புரிந்தது. உடனே எழுந்து அவளோடு போனேன். ஜம்புலிங்கம் வேர்க்கடலை நிலத்தில் இருந்தார். அன்றுதான் துப்பாக்கி வந்திருந்தது. தொட மனசில்லாமல் வேலியில் சாய்த்து வைத்திருந்தார். நாகவல்லியும் களையெடுத்துக்கொண்டிருந்தாள். ஊருக்குச் சொன்ன பொய்யையெல்லாம் அவரிடம் உடைத்துச் சொன்னேன். மாமரம், கோணி ஊசி, நல்லெண்ணெய், காற்று, எல்லாவற்றையும். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"போதும் மச்சான். எனக்காக இன்னும் எவ்ளோதான் தாழ்ந்து போவே?"

"வாயால சொன்னா இவரு நம்பமாட்டாரு. கையால காட்டு" என்றாள் தாட்சாயிணி.

துப்பாக்கியை எடுத்தேன். இரண்டு வருஷத்தில் அன்றுதான் முதல் தடவை. கனம் தாங்காமல் ஒரு பக்கமாகச் சாய்ந்தேன். மாமரம் இவ்வளவு கனம் இல்லை. ஜம்புலிங்கம் கைகட்டி நின்று பார்த்தார். அவர் முகத்தில் ‘நடி, பார்க்கிறேன்’ என்று எழுதியிருந்தது. மருந்துப் பையும் ரவைப் பையும் பக்கத்தில் இருந்தன. எது முதலில் என்று யோசித்தேன். கனமானது அடியில் போவதுதானே நியாயம்? ரவையைக் கொட்டினேன். தேங்காய் நாரை உருட்டிப் போட்டுக் கம்பியால் குத்தினேன். அதன்மேல் மருந்தைக் கொட்டினேன். பின்னால் கேப்பு வைக்கிற இடத்தை நாகவல்லி விரலால் காட்டினாள். சின்ன வயதில் அப்பா வைப்பதைப் பார்த்தவளாம். வானத்தைப் பார்த்துப் பிடித்து, கண்ணை மூடி, குதிரையை இழுத்தேன். கேப்பு மட்டும் டப் என்றது. வேறு ஒன்றும் நடக்கவில்லை.

ஜம்புலிங்கம் உதட்டைப் பிதுக்கினார். "மருந்தை மொதல்ல போடாம ரவையைப் போட்டா எப்டி வெடிக்கும்? நல்லாத்தான் நடிக்கறே மச்சான்."

எனக்கு உண்மையிலேயே குழப்பம். உள்ளே என்னதான் ஆயிற்று? எங்கேயாவது அடைத்துக்கொண்டதோ? துப்பாக்கியைத் திருப்பி, கட்டையைத் தரையில் ஊன்றி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு கண்ணை அதன் வாயில் வைத்துப் பார்த்தேன்.

"அய்யோ!" என்று ஒரு சத்தம். ஜம்புலிங்கம் என்னை மார்பில் இடித்துத் தள்ளினார். நான் செடிகளின் மேல் மல்லாந்து விழுந்தேன். துப்பாக்கி அவர் கையில் இருந்தது.

"கெட்டிச்ச துப்பாக்கில கண்ணை வைப்பியாடா? கெட்டிச்ச துப்பாக்கில எவனாவது கண்ணை வைப்பானாடா?"

கல்யாணம் ஆன நாளிலிருந்து என்னை அவர் டா போட்டுப் பேசியதில்லை.

"அடைச்சுகினுதோன்னு பார்த்தேன்" என்றேன்.

அவர் என் முகத்தையே பார்த்தார். அப்புறம் துப்பாக்கியைப் பார்த்தார். அப்புறம் மறுபடியும் என்னை. நடிக்கிறவன் எதை வேண்டுமானாலும் செய்வான், இதைச் செய்யமாட்டான் என்பது அவருக்கு மெதுவாக உறைத்தது. நான் பார்த்துக்கொண்டேயிருந்தேன், நெற்றியிலிருந்து தாடை வரைக்கும் அந்த முகம் தளர்ந்தது.

"உனக்கு நெஜமாவே ஒண்ணும் தெரியாதா?"

"ஒண்ணும் தெரியாது மச்சான்."

"அப்ப அது ஊதுவத்திதான்?"

"ஊதுவத்திதான்."

"அப்ப நான் சுடல."

"நீ சுடல மச்சான்."

துப்பாக்கியைத் தள்ளி வைத்துவிட்டு அப்படியே மண்ணில் உட்கார்ந்தார். முதலில் அழுகிறார் என்று நினைத்தேன். சிரிக்கிறார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, "முட்டாப்பய மச்சான், முட்டாப்பய மச்சான்" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். என் வாழ்நாளில் எத்தனையோ பேர் என்னைப் புகழ்ந்திருக்கிறார்கள், எதுவும் அவ்வளவு இனிக்கவில்லை. நாகவல்லி வந்து என் முதுகில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டாள். கொஞ்சம் ஓங்கியே தட்டினாள்.